நமுத்தவெடி அண்ணனும் கட்டிங்கின் பற்களும்

சிவகாசியில் குடியிருந்துகொண்டு பதினோரு வருடம் ஒரு மனிதர் சத்தமே போடாமல் வாழ்ந்தார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். டீக்கடையில் 'சர்க்கரை கம்மி' என்று சொல்வதைக்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிற ஊர் எங்கள் ஊர். குற்றமில்லை. நாலு பக்கமும் வெடி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெல்லப் பேசினால் யாருக்குக் கேட்கும்? அப்படிப்பட்ட ஊரில் குரலை உயர்த்தாமல் காலம் தள்ளியவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு முன்னால் யாரும் இருந்ததில்லை, பின்னால் யாரும் வரப்போவதும் இல்லை.

நான் டிசைனராக வேலை பார்த்த ஆப்செட் பிரஸ்ஸில் அவர் பேக்கிங் செக்‌ஷன். தினசரி காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அடிக்கிற கம்பெனி. அச்சாகி, வெட்டுப்பட்டு வருவதைப் பண்டல் போட்டுக் கயிறு கட்டி லோடு ஏற்றிவிடுவது அவர் பொறுப்பு. வருகைப் பதிவேட்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று எழுதியிருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் நமுத்தவெடி. திரியைப் பற்றவைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நிற்போம், கொஞ்சம் புகையும், அப்புறம் ஒன்றுமே நடக்காது அல்லவா, அதுதான்.

காலை ஒன்பது மணிக்கு "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டால் பேசாமல் போய்விடுவார். பதினோரு மணிக்கு என் மேஜைப் பக்கம் வந்து நின்று, "ரெண்டு தோசை, தாயி" என்பார். நான் என்ன கேட்டேன் என்பதே எனக்கு மறந்திருக்கும். ஒருநாள் ஒரு முழு ரீம் பேப்பர் அவர் கால்மேல் விழுந்தது. நானாக இருந்தால் என் அலறலை விசில் என்று நினைத்து விருதுநகர் ஸ்டேஷனில் நிற்கிற ரயில் கிளம்பியிருக்கும். அவர் குனிந்து காலைப் பார்த்தார், ரீமைப் பார்த்தார், "விழுந்திருச்சு போல" என்றார்.

இந்த மனிதரிடம்தான் ஒரு நாயின் தலையெழுத்து போய்ச் சேர்ந்தது.

வைகாசி கடைசியில் பேப்பர் லோடு இறக்கும்போது தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. செவலை நிறம், ஒரு சாண் உயரம். எந்த ஊரில் ஏறியது என்று லாரி டிரைவருக்கும் தெரியவில்லை. 'ஐயோ பாவம்' என்று பால் வைத்தது நான்தான். அந்தப் பாவத்துக்குப் பல் இருக்கிறது என்பது மறுநாள் தெரிந்தது.

கண்ணில் பட்டதையெல்லாம் கடித்தது. செருப்பு, வயர், நாற்காலிக் கால், என் துப்பட்டா. புரூஃப் தாளைத் தின்றுவிட்டு நாலு கலரிலும் வெளிக்குப் போனது. எங்கள் கட்டிங் மாஸ்டர் பெரிய மெஷினில் வெட்டுகிற பேப்பரை இது பல்லாலேயே வெட்டிப் போட்டதால் அதற்குக் கட்டிங் என்றே பெயர் விழுந்துவிட்டது. வாசலில் நின்று "கட்டிங், கட்டிங்" என்று கூப்பிட்டால் அது வருகிறதோ இல்லையோ, ரோட்டில் போகிற நாலு பேர் ஆசையாகத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பேப்பரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர்களையும் கடித்தது. விளையாட்டுக் கடிதான், ரத்தம் வராது. ஆனால் குட்டிப் பல் ஊசி மாதிரி இருக்கும். கடித்தவுடன் நான் ஒரு அலறல் அலறுவேன். என் அலறலுக்கு எங்கள் தெருவிலேயே தனி மரியாதை உண்டு. கட்டிங் அதைக் கேட்டதும் காதை மடக்கிக்கொண்டு, வாலைச் சுழற்றிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றிவந்து மறுபடியும் கடிக்கும். நான் அலற அலற அதற்குத் திருவிழா.

ஆளாளுக்கு வைத்தியம் செய்தார்கள். கட்டிங் மாஸ்டர் நாற்காலிக் கால்களில் எல்லாம் வேப்பெண்ணெய் தடவினார். நாய் கடிப்பதை நிறுத்தவில்லை. நாங்கள்தான் ஒரு வாரம் நாற்காலியில் உட்காருவதை நிறுத்தினோம். மெஷின்மேன் பேப்பரைச் சுருட்டி ஓங்கினார். அது அந்தச் சுருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. நான் யூடியூபைப் பார்த்தேன். 'குட்டி கடித்தால் நீங்களும் குட்டியைப் போலவே கீச்சென்று கத்துங்கள்' என்று ஒருவர் சொல்லியிருந்தார். கத்தினேன். பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மூன்று பேர் ஓடிவந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்த மாதிரி, அடுத்த வருடக் காலண்டருக்காக அடுக்கிவைத்திருந்த தேதித் தாள்களில் வைகாசி மாதம் முழுவதையும் கட்டிங் ஒரே மத்தியானத்தில் தின்று தீர்த்தது. அத்தனை முகூர்த்தமும் போச்சு. சத்தம் கேட்டு வந்த முதலாளியின் கணுக்காலையும் ஒரு பிடி பிடித்தது.

முதலாளி நல்லவர். ஆனால் தொண்டை பெரிது.

"இங்க பாருங்கம்மா! ஆடிப்பதினெட்டுக்கு ஆல்பம் போடுறோம், பார்ட்டிக எல்லாம் வருவாக! அதுக்குள்ள இந்த நாயி கடிக்கிறத நிறுத்தணும். இல்லேன்னா தாயில்பட்டி லோடு வண்டியில ஏத்தி விட்ருவேன். அங்கன நம்ம மச்சான் குடோன்ல காவலுக்குக் கட்டிப் போட்டுக்கிடுவாக!"

அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவது எங்கள் ஊர்த் தொழிலில் வழக்கம். அதற்கு ஆறு வாரம்தான் இருந்தது. தாயில்பட்டிப் பக்கம் திரும்பின இடமெல்லாம் பட்டாசு ஆலை. சங்கிலியில் கட்டிப்போட்டால் ஓடி ஒளியக்கூட வழியில்லாமல் நாள் முழுக்க வெடிச் சத்தம் கேட்கவேண்டும். ஒரு சாண் குட்டி, ரீம் கீழே விழுந்தாலே என் காலுக்கடியில் புகுந்துகொள்கிற ஜென்மம், அங்கே ஒரு மாதம் தாங்காது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பால் வைத்த பாவம்.

அப்போது முதலாளியின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"நான் பாத்துக்கிறேன், மொதலாளி."

முதலாளி திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். அவருக்கு அந்தக் குரல் யாருடையது என்று அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் நமுத்தவெடி அண்ணன் பேக்கிங் கயிறு வைக்கிற பெஞ்சில் உட்கார்ந்து குட்டியிடம் கையை நீட்டினார். அது ஆசை ஆசையாகக் கடித்தது. அவர் கையை இழுக்கவில்லை, உதறவில்லை, 'ஸ்' என்று கூடச் சொல்லவில்லை. கையைத் துணி மாதிரி தொங்கவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தார். வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. கட்டிங் கடித்துப் பார்த்தது, இழுத்துப் பார்த்தது, நிமிர்ந்து அவர் மூஞ்சியைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. விட்டுவிட்டது.

உடனே இடுப்பிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்துக் கொடுத்தார். சரத்துக்குத் திரி முறுக்குகிற மாதிரி முறுக்கி, முடிச்சுப் போட்டு, கஞ்சியில் நனைத்து, ஐஸ் மாதிரி குளிரவைத்த துண்டு. கட்டிங் அதைக் கடிக்க ஆரம்பித்ததும், "சமத்து" என்று அதன் காதில் சொன்னார்.

"என்னண்ணே முணுமுணுத்தீங்க, மந்திரமா?" என்று கேட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பதில் சொன்னார். "எண்ணிக்கிட்டு இருந்தேன். வெடி நமுத்துப் போச்சுன்னா நூறு எண்ணுற வரைக்கும் யாரும் அசையக் கூடாதுல்ல? அது மாதிரித்தான். புள்ளைக்குப் பல்லு முளைக்குது, ஊறலெடுக்குது. கடிக்கத்தான் செய்யும். கடிச்சா நாம வெடிக்கோம். வெடிச்சா அதுக்கு வேடிக்கை. வெடிக்காத வெடிகிட்ட யாரு தாயி நிப்பா?"

அவரிடமிருந்து ஒரே மூச்சில் அவ்வளவு பேச்சு நான் கேட்டதில்லை. அப்புறம் இன்னொன்றும் சொன்னார்.

"ஆனா எல்லாரும் நமுக்கணும். சரத்துல ஒரு வெடி காஞ்சிருந்தாலும் போச்சு."

நாய்க்குப் பயிற்சி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பயிற்சி எங்களுக்கு. அண்ணன் சட்டைப்பையில் துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றைப் போட்டுக்கொண்டு அலைய ஆரம்பித்தார். நாம் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருப்போம். ஓசைப்படாமல் பின்னால் வந்து விரலில் கிளிப்பை மாட்டிவிடுவார். 'ஆ' என்றால் தோல்வி. சோகமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கையைத் தொங்கவிட்டுச் சுவரைப் பார்த்தால், "சமத்து" என்று நம் காதிலும் சொல்வார். கட்டிங் மாஸ்டர் மூன்றாவது நாள் தேறினார். மெஷின்மேன் ஒரு வாரம். நான் பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளில் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் ஓடிவருவதையே விட்டுவிட்டார்கள்.

முதலாளியைக் கிளிப் போட யாருக்குத் துணிச்சல் வரும்? அண்ணனுக்கு வந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். அறையை மூடிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். அரை மணி நேரம் முதலாளியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. வெளியே வந்த முதலாளியின் ஆள்காட்டி விரல் சிவந்திருந்தது. மோர் குடிக்கலாம் என்று தன் அறை ஃபிரிட்ஜைத் திறந்தவர் அங்கே விறைத்துப்போய்க் கிடந்த நாயின் ஐந்து முறுக்கிய துண்டுகளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மூடிவிட்டார்.

இந்த வித்தை நாயோடு நிற்கவில்லை. முதலாளி மெஷின்மேனைத் திட்டினால் மெஷின்மேன் கையைத் தொங்கவிட்டுச் சுவரைப் பார்ப்பார். நூறு எண்ணி முடிப்பதற்குள் முதலாளிக்குத் திட்டு தீர்ந்துவிடும். வீட்டில் நான் ஒருநாள் முயன்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் குழம்பில் உப்பு இல்லை என்று ஆரம்பித்தார். வழக்கமாக அந்த இடத்தில் நான் வெடிப்பேன். அன்றைக்குச் சுவரைப் பார்த்தேன். எழுபது எண்ணும்போது அவர் பயந்துபோய், "என்னம்மா ஆச்சு, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டு டீ போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் போட்ட முதல் டீ. அதில் சர்க்கரை இல்லை. அதற்கும் நான் நமுத்தேதான் இருந்தேன்.

சிரித்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் அந்த நாட்களில் எனக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. நான் இதுவரை போட்ட சத்தத்தில் உருப்படியாக நடந்தது எவ்வளவு? யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருந்தது.

அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர் அவர் மனைவி பேச்சியக்கா. வலது காலைச் சற்று இழுத்து இழுத்து நடப்பார். சிரிப்புக்குக் குறைவிருக்காது. ஒருநாள் மத்தியானம் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். காலடியில் கட்டிங் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணன் பிறந்ததிலேர்ந்தே இப்படித்தானாக்கா?" என்று கேட்டேன்.

பேச்சியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இவுகளா? பட்டாசு ஆலையில போர்மேனா இருந்தப்போ இவுகளுக்குப் பேரு என்னன்னு நெனச்சீக? சரவெடி! வாசல்ல நின்னு ஒரு சத்தம் போட்டாகன்னா ஆனைக்குட்டம் டேம்ல தண்ணி அலையடிக்கும்னு சொல்லுவாக."

நான் நம்பவில்லை. அவர் மேலே சொன்னார்.

"ஒருநா ரூமுக்குள்ள குப்பையில லேசா நெருப்பு புடிச்சிருச்சு தாயி. இவுக பாத்துட்டாக. 'ஓடுங்க, ஓடுங்க'ன்னு ஒரே சத்தம். அந்த ரூமுக்கு நாலு வாசலு. எந்த வாசல்ல வேணும்னாலும் போகலாம். ஆனா எல்லாரும் இவுக சத்தம் வந்த வாசலுக்கே ஓடினோம். அங்கனயே வேல பாத்த நானுந்தான். நெரிசல்ல விழுந்தது நானு, எம்மேல நாலு பேரு. நெருப்பு தன்னால அமந்து போச்சு. வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல. எங்காலு மட்டுந்தான்."

நான் அவருடைய வலது காலைப் பார்த்தேன்.

"கத்துனது தப்பே இல்ல. அந்த நேரத்துல கத்தத்தானே வேணும்? நானே ஆயிரந்தடவ சொல்லிட்டேன். மனசு கேக்க மாட்டேங்குது அவுகளுக்கு. அன்னைக்கு வாய மூடுனவுகதான். வேலையையும் விட்டுட்டாக." தூரத்தில் பண்டலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். "மனுசன் நமுத்துப் போயிட்டாரு."

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் அந்தப் பெயரை வைத்து நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன்.

ஆடிப்பெருக்கு வந்தது. மாவிலை கட்டி, ஆல்பத்துக்குச் சந்தனம் வைத்து, பார்ட்டிகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டிங் மூன்று வாரமாக யாரையும் கடிக்கவில்லை. வந்தவர்களின் கையை முகர்ந்து, வாலை ஆட்டி, மரியாதையாகத் துண்டோடு போய் மூலையில் படுத்துக்கொண்டது. முதலாளி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தேன்.

பூஜை முடிந்து சூடம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள் முப்பது ஜோடி. அதில் கோயம்புத்தூர் பார்ட்டியின் செருப்பு புத்தம் புதுத் தோல். என்னதான் பயிற்சி என்றாலும் அதற்கும் ஒரு எல்லை உண்டு அல்லவா? கட்டிங் எப்போது எழுந்து போனது என்று யாரும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அது ஒற்றைச் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு ரோட்டின் நட்ட நடுவில் நின்றது. நின்று எங்களைப் பார்த்தது. 'துரத்துகிறீர்களா?' என்று அதன் வால் கேட்டது.

சாட்சியாபுரம் பக்கமிருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

துரத்தினால் ஓடும். கத்தினால் இன்னும் குஷியாக ஓடும். எந்தப் பக்கம் என்று சொல்லமுடியாது. என் தொண்டைக்குள் அலறல் வந்து நின்றது. பக்கத்தில் முதலாளி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அவர் வாயைத் திறந்த நேரம், எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை, நமுத்தவெடி அண்ணன் தன் வலது கையால் முதலாளியின் வாயைப் பொத்தினார்.

ஆமாம், முதலாளியின் வாயைத்தான். முப்பது பார்ட்டிகளுக்கு முன்னால்.

அண்ணனின் உதடு என்னைப் பார்த்து ஓசையில்லாமல் அசைந்தது. 'நமுத்துப் போங்க.' நான் விழுங்கினேன். என் ஆயுளில் நான் விழுங்கிய மிகப் பெரிய பொருள் அந்த அலறல்தான். கையைத் தொங்கவிட்டுச் சுவரைப் பார்த்தேன். மெஷின்மேன் சுவரைப் பார்த்தார். கட்டிங் மாஸ்டர் சூடத் தட்டோடு சுவரைப் பார்த்தார். வந்திருந்தவர்கள் ஏதோ சம்பிரதாயம் போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் பயபக்தியோடு சுவரைப் பார்த்தார்கள். அண்ணன் முதலாளியையும் இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார்.

ஹாரன் கேட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து. பதினைந்து. லாரி கடந்துபோகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இருபத்து மூன்று எண்ணும்போது கல் தரையில் சின்னச் சின்ன நகங்கள் தட்டுகிற ஓசை வந்தது. அண்ணனின் மடியில் செருப்பு விழுந்தது. எச்சில்தான் இருந்தது, ஒரு பல்தடம் கூட இல்லை. அவர் இடது கையால் இடுப்புத் துண்டை எடுத்துக் கொடுத்து, "சமத்து" என்றார். அதற்கப்புறம்தான் முதலாளியின் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"ஏய்யா," முதலாளி மூச்சு வாங்கினார். "யாரைக் கேட்டுய்யா என் வாயப் பொத்துன?"

அண்ணன் எழுந்து பண்டல் கட்டப் போய்விட்டார். பதில் நாலு மணிக்கு வந்தது. முதலாளி அறைக் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "மன்னிச்சுக்கிடுங்க மொதலாளி. கேட்டா நீங்க வாயத் திறப்பீகளே" என்றார்.

தாயில்பட்டிப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. கட்டிங் கம்பெனி நாயாகிவிட்டது. முதலாளி அறையில் ஏசிக்கு நேர் கீழே அதற்கு இடம். 'நம்ம நாயி' என்று வருகிறவர்களிடம் அவரே பெருமை பேச ஆரம்பித்தார்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் வேலையை விட்டார். பேச்சியக்காவுக்குக் கால் வலி கூடிவிட்டது. அவர்கள் குடியிருந்தது மாடி வீடு. மல்லாங்கிணறில் பேச்சியக்காவின் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் படியே இல்லாமல் தரையோடு தரையாக ஒரு வீடு கிடைத்தது. அதுதான் காரணம். கடைசி நாள் வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அதாவது, எல்லோர் முன்னாலும் கொஞ்ச நேரம் நின்றார். பேச்சியக்கா பையோடு வாசலில் காத்திருந்தார்.

கட்டிங் வந்து அவர் வேட்டி நுனியைக் கடித்தது.

இரண்டு வருடத்தில் அது கடித்தது அன்றைக்குத்தான். அண்ணன் முறைப்படி கையைத் தொங்கவிட்டார், சுவரைப் பார்த்தார், எண்ணினார். நூறு ஆனது. கட்டிங் விடவில்லை. பொறுமையை அதற்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தானே? அதுவும் வேட்டியைக் கவ்விக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதே சுவரைப் பார்த்தது. ஆளும் நாயும் அசையவில்லை.

"பஸ்ஸு போயிரும்யா" என்றார் பேச்சியக்கா.

அண்ணன் அசையவில்லை. அவர் தாடை மட்டும் இறுகுவது தெரிந்தது. கண் நிறைந்திருந்தது. கேளுங்கண்ணே, கேட்டால்தானே கிடைக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குப் பதில் சொல்கிற மனிதர் இதையும் தள்ளிப்போட்டால் மல்லாங்கிணறில் இறங்கிய பிறகுதான் கேட்பார். அப்போது யார் காதில் விழும்?

அப்போதுதான் அது நடந்தது.

"மொதலாளீ! இந்த நாய நான் கூட்டிட்டுப் போறேன்!"

கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே மெஷின்மேன் மெஷினையே நிறுத்திவிட்டார். பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் ரொம்ப நாளைக்குப் பிறகு ஓடிவந்தார்கள். முதலாளி ஒரு காதைப் பொத்திக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்து, "கூட்டிட்டுப் போய்யா, கூட்டிட்டுப் போ, காது போச்சு!" என்றார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பேச்சியக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து அழுதார். "கேட்டீகளா தாயி? நமுத்தது காஞ்சிருச்சு!"

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்று பெரிய காலண்டர் அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு அதை உட்காரவைத்தோம். பெட்டியின் ஒரு மூலையைக்கூட அது கடிக்கவில்லை என்று பேச்சியக்கா அப்புறம் போனில் சொன்னார். கூடவே பின்னணியில் யாரோ யாரையோ சத்தம்போட்டுக் கூப்பிடுவது கேட்டது. "வேற யாரு, உங்க அண்ணந்தான். இப்பல்லாம் தெருவே ரெண்டாகுது" என்றார்.

இப்போதும் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஏதாவது ஒரு வெடி திரி புகைந்துவிட்டு வெடிக்காமல் கிடக்கும். நான் கிட்டே போவதில்லை. தூர நின்று நூறு எண்ணுகிறேன். எண்ணி முடித்ததும், யாரும் பக்கத்தில் இல்லையென்றால், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று அதைக் கேட்டுவிட்டு வருகிறேன்.